முதல் சிரிப்பு என்னுடையது

கை வைக்காத நாற்காலியாகக் கொடுங்கள், சார். கை வைத்ததில் உட்கார்ந்தால், எழும்போது அதுவும் என்னோடு எழுந்து வரும். சினிமாவில் அதற்குக் கைதட்டுவார்கள். காவல் நிலையத்தில் அவ்வளவு நன்றாக இருக்காது.

எங்கள் ஜோடியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் பூசணி, அவன் ஒட்டடைக்குச்சி. திரைக்கு வெளியே என் தங்கை புருஷன். எந்தக் கூத்தடித்தாலும் மூஞ்சியை உம்மென்று வைத்திருப்பான். அது விளையாட்டா வினையா என்று யாருக்கும் பிடிபடாது. நான் தொப்பை குலுங்கச் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான், படப்பிடிப்பிலும் அப்படித்தான்.

அவனைப் போய் ஒரு புது டைரக்டர், மகனைப் பறிகொடுத்த அப்பாவாக நடிக்கக் கூப்பிட்டார். எனக்கும் ஏதாவது வேஷம் உண்டா என்று கேட்டேன்.

“இது சீரியஸ் படம் மச்சான். நீ வந்து நின்னாலே ஜனங்க சிரிச்சிடுவாங்க” என்றான்.

உண்மைதான். அதனால்தான் சுட்டது. செருப்பில் ஒன்று தொலைந்தால் மற்றதை யார் மாட்டிக்கொண்டு திரிவார்கள்? அந்தப் படம் ஓடிவிட்டால் மாப்பிள்ளை திரும்பி வரமாட்டான். என் பிழைப்பு அதோடு முடிந்தது.

இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல் ஒருநாள் படப்பிடிப்புக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். பேசிக்கொண்டிருந்தவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தான்.

“மச்சான், முடியல. டாக்டரக் கூப்பிடு.”

படத்தில் அந்த அப்பா சாகிற காட்சிக்கு ஒத்திகை பார்க்கிறானா, பழையபடி கிண்டலா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் கார் நின்றது. அடுத்த தெருவில் ஆஸ்பத்திரி.

நான் சிரித்தேன், சார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உடனே மொத்தக் கூட்டமும் சிரித்தது. அவன் நாற்காலியிலிருந்து சரிந்தபோது, “பாத்தீங்களா, என்ன டைமிங்!” என்றார் டைரக்டர். கைதட்டல் அடங்கி, யாரோ குனிந்து தொட்டுப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தெரியாமல் சிரித்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் இருவருக்குமே வேலை மிச்சம். ஆனால் பொய் எனக்கு வராது. நடிக்கும்போது அவன் என் கண்ணைப் பார்க்கவே மாட்டான். பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். அன்று என்னையே பார்த்தான். கடைசிவரை பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் சிரித்தேன்.

பொறாமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஊரையே சிரிக்க வைத்தவனை அழுமூஞ்சியாகவா ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்?

“கடைசியா என்னண்ணே சொன்னாரு?” என்று தங்கை கேட்டாள்.

“எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டுத்தாம்மா போனாரு” என்றேன். என் தோளில் சாய்ந்து நெடுநேரம் அழுதாள். கூடப்பிறந்தவன் இருந்தும் அவளுக்கு ஆள் துணை இல்லை என்று ஆகிவிடக் கூடாது, பாருங்கள்.