ஏழாம் நம்பர் மலையில் சத்தம்

தேத்தண்ணியில் சீனி வேண்டாம் ஐயா, எனக்குச் சர்க்கரை வியாதி. நானே சொல்கிறேன், நீங்கள் மெதுவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் சோலைமலை. டிக்கோயாவுக்கு மேலே, தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக வாச்சர். மரங்களில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்து, காலைப் பெரட்டில், ஆட்களை மலைகளுக்குப் பிரித்து அனுப்பும் நேரத்தில், கங்காணியிடம் சொல்வது என் வேலை. கூடு இருந்தால் அந்த மலைக்குப் பெண்கள் கொழுந்தெடுக்கப் போகமாட்டார்கள். கூட்டை எரித்த பிறகுதான் போவார்கள்.

மதுரனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். கொட்டகலையில் போன் கடையில் வேலை பார்க்கிறவன். பைக்கின் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயை மாட்டியிருந்தான். தினமும் நாலரைக்கு ஏழாம் நம்பர் மலை வளைவில் நின்று மூன்று தரம் முறுக்குவான். எங்கள் லயத்து வீடுகளின் கூரைத் தகரம் அதிரும். புகை கறுப்பாகக் கிளம்பும். நான் இதே பொலிஸ் ஸ்டேசனில் இரண்டு தடவை முறைப்பாடு கொடுத்தேன். தண்டம் எழுதினீர்கள். அவன் பழைய சைலன்சரை மாட்டிக் காட்டினான், புகைச் சான்றிதழும் எடுத்தான். மறுநாள் திரும்பவும் குழாய்.

ஒருநாள் வழியில் நிறுத்திக் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னான்.

"மாமா, ஒங்களுக்குச் சத்தம் புடிக்கலையா, இல்ல என்னயப் புடிக்கலையா?"

நான் சட்டத்தைச் சொன்னேன்.

அவன் மூன்று தரம் முறுக்கினால் என் மகள் நிலக்ஷி வாசலுக்கு வருவாள். அதை முறைப்பாட்டில் எழுதவில்லை. சட்டத்துக்கு அது தேவையில்லாத விஷயம்.

போன மாதம் அந்த வளைவில், பாதைக்கு மேல் நீண்ட கிளையில் ஒரு கூடு பார்த்தேன். தண்ணீர்க்குடம் அளவு. சும்மா நடந்து போகிறவர்களைக் குளவி ஒன்றும் செய்யாது. சத்தமும் புகையும்தான் அதற்கு ஆகாது. நாலு கொட்டு வாங்கினால் இந்தப் பக்கம் வரமாட்டான் என்று விட்டுவைத்தேன். மூன்று நாள் மழை, அவன் பஸ்ஸில் போனான். வியாழக்கிழமை வெயில் அடித்தது.

அன்று ஏழாம் நம்பரில் பெண்கள் நின்றார்கள். நாலு மணிக்குக் கொழுந்து நிறுக்கக் கீழே இறங்கிவிடுவார்கள், அவன் நாலரைக்குத்தான் வருவான். நான் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன். அன்றைக்குக் கொழுந்து அதிகம். யாரும் இறங்கவில்லை. நாலரைக்கு அவன் வந்து முறுக்கினான்.

குளவிகள் அவனை விட்டுவிட்டுச் செடிக்குள் நின்ற பெண்கள் மேல் இறங்கின. தலைக்கவசம் போட்டிருந்தான், அப்படியே போயிருக்கலாம். பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். தன் ஜக்கெட்டைக் கழற்றி ஒருத்தியை மூடினான். அது என் பெண்சாதி நாகலெட்சுமி. வீங்கிய முகத்தோடு அவளை அதே பைக்கில், இன்னொருத்தி பின்னால் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போகிற வழியிலேயே அவள் முடிந்துபோனாள்.

சத்தம்தான் குளவியைக் கிளப்பியது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நிலக்ஷி அவன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது.

நேற்றுச் சோறு போடும்போது கேட்டாள்.

"அப்பா, தெனம் மரம் பாக்குறீங்களே. அந்தக் கூடு மட்டும் ஒங்க கண்ணுல படலையாப்பா?"

அதனால்தான் வந்தேன். சைலன்சர் குற்றத்துக்கு அவனிடம் தண்டம் வாங்குங்கள், அதை விடச் சொல்லவில்லை. மற்றதை என் பெயரில் எழுதுங்கள்.

அந்த வியாழக்கிழமை காலைப் பெரட்டில் கங்காணி, ஏழாம் நம்பர் எப்படி என்று என்னிடம் கேட்டார். கூடு இருக்கிறது என்றால் எரித்துவிடுவார்கள், சாயந்தரம் மதுரன் வழக்கம்போல வந்து நிற்பான்.

"சுத்தமா இருக்குங்க" என்றேன்.

நாகலெட்சுமி முன்வரிசையில் நின்றாள். அந்த மலைக்குப் போகப் பயந்த இரண்டு பெண்களிடம் அவள்தான் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு பாத்துட்டாருடி. தைரியமா வாங்க."