அக்கா நிறுத்தி வைத்த பக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, வார்டிலிருந்து ஓடிவந்திருக்கும் செவிலியர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, தோழர்களே, வணக்கம்.

நம் மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவி மறைந்துவிட்டார். பதவியைச் சொன்னால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. நிறுத்தக்கா என்றால் தெரியாதவர் உண்டா?

ஏன் அந்தப் பெயர்? லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கணினித் திரையில், ஒரு கட்டளை கொடுத்தால் சில நேரம் பதில் ஆயிரக்கணக்கான வரிகளாகக் கொட்டும். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் மேலே ஓடிவிடும். கடைசி வரிகள் மட்டும் திரையில் மிஞ்சும். அதைப் பார்த்து அவர் பிரிவில் வேலை செய்யும் நாங்கள் தலையாட்டுவோம். உடனே பின்னாலிருந்து குரல் வரும்: "நிறுத்து, நிறுத்து! ஓடுனதையெல்லாம் யாருப்பா படிக்கிறது?" கட்டளையோடு 'லெஸ்' என்பதையும் சேர்க்கச் சொல்வார். பதில் பக்கம் பக்கமாக நிற்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால்தான் அடுத்த பக்கம் வரும்.

என்ன ஆர்வம், எப்பேர்ப்பட்ட ஆர்வம்! யாரும் கண்டுகொள்ளாத வரியைக் காட்டி, "இவன் இங்க எதுக்கு வந்தான்?" என்பார். வீட்டிலும் அதே கதைதான். "டிவி வாங்கியாச்சு சார், அதோட வந்த புத்தகத்த அவ முடிக்கிற வரைக்கும் யாரும் ஆன் பண்ணக் கூடாது!" என்று புலம்பிய கணவர் இதோ இருக்கிறார்.

போன வாரம் நோயாளிகள் சிலருக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் குறுஞ்செய்தி போகவில்லை. யார் யாருக்கு என்பதும் தெரியவில்லை. செய்தி அனுப்பிய பதிவைக் காட்டும் கட்டளை கொடுத்துப் பார்த்தோம். கடைசி வரி 'வெற்றிகரமாக முடிந்தது' என்றது. அக்கா விட்டாரா? "முடிஞ்சது சரி. நடுவுல என்ன ஆச்சு?" என்று முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தார். பாதி படித்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை நெஞ்சுவலி. நம்மிடமே தூக்கி வந்தும் நம்மால் காப்பாற்ற முடியவில்லையே!

அவர் திரை அந்தப் பக்கத்திலேயே நின்றது. வேறு கணினியில் படித்திருக்கலாமே என்பீர்கள். படிக்கலாம்தான், எங்களுக்கு மனம் வரவில்லை. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும் என்று அரித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் எவரும் விசைப்பலகையைத் தொடவில்லை.

நேற்று அக்காவின் மேசையில் இருந்த பொருள்களை எடுத்துப்போக வந்த கணவர் திரையைப் பார்த்தார். "என்ன சார், பாதியில நிக்குது?"

"அக்கா விட்ட இடம். அப்படியே வச்சிருக்கோம்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வச்சுக்கிட்டு? அந்த ஜனங்களுக்கு இன்னும் செய்தி போகலைல்ல? அவ இருந்தா உங்கள சும்மா விட்டிருப்பாளா? எந்தப் பொத்தான அமுக்கணும்?"

காட்டினேன். அவரே தட்டினார். அடுத்த பக்கம் வந்தது. நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, "உக்காந்து படிங்க" என்றார்.

படித்துக்கொண்டிருக்கிறோம். காரணம் இன்னும் அகப்படவில்லை. ஒரு வரியையும் தாண்டிப் போகமாட்டோம் என்று உங்கள் முன்னிலையில் உறுதி கூறுகிறோம். செவிலியர்களே, அதுவரை நோயாளிகள் எல்லோரையும் போனில் கூப்பிட்டு நினைவூட்டுங்கள். எங்கள் பிரிவினர் இப்போதே எழுந்து போகிறார்கள். யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். நானும் பேச்சை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.