பட்டன் தேயாத டயர்

டயர் பார்க்கத் தெரியாதவர்கள்தான் முதலில் பட்டனை, அதாவது சாலையில் படும் ரப்பர் வெட்டுகளைப் பார்ப்பார்கள் ஐயா. பட்டன் ஆழமாக இருந்தால் டயர் புதுசு என்று அவர்களுக்கு ஒரு சந்தோஷம். இருபத்தாறு வருஷம் டயர் கடையில் குனிந்தே முதுகைத் தொலைத்த எனக்கு அந்தச் சந்தோஷம் வருவதில்லை. டயரின் பக்கவாட்டில் தூசியைத் துடைத்தால் நான்கு இலக்கம் தெரியும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். டயருக்கு அதுதான் பிறந்த தேதி. வேகமான கார்களுக்கு வரும் டயரில் ரப்பர் மெத்தென்று இருக்கும், சாலையை விடாமல் பிடிக்க வேண்டுமே. ஆனால் சும்மா நின்றாலும் அதற்குக் கிழடு தட்டிவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் நல்ல டயர் இறங்கிக் கொடுக்கும். கெட்டுப்போனது, நீ யாரடா என்று கேட்கும்.

என் மாப்பிள்ளை வாங்கியது அப்படிப்பட்ட ஒரு கார். யாரோ ஒரு பணக்காரர் ஆசைக்கு வாங்கி, ஆசை தீர்ந்ததும் ஷெட்டில் போட்டு மறந்த வண்டி.

என் மகள் காய்ச்சலில் போய் மூன்று வருஷம். ஏழு வயசுப் பேத்தியை நான்தான் வளர்த்தேன். தலை வாரிவிடுவது, பள்ளிக்கூடத்தில் விடுவது, பல் ஆடினால் பார்ப்பது எல்லாம் நான்தான். மாப்பிள்ளை சனிக்கிழமை வருவார், பொம்மை கொடுப்பார், போய்விடுவார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது, மகளையும் கூட்டிப்போகிறேன் என்றார். பெற்ற அப்பா. நான் யார் தடுக்க? வக்கீலிடம் போனேன். அவர் சிரிக்காமல் கேட்டதே பெரிய மரியாதை.

"மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வர்றேன் மாமா" என்றார் மாப்பிள்ளை.

கிளம்புகிற அன்று காலை பேத்தியோடு கடைக்கே காரைக் கொண்டுவந்தார்.

"நாலு மணி நேர ஓட்டம் மாமா. டயரை ஒரு பார்வை பாத்துடுங்க."

பார்த்தேன். பட்டன் அப்படியே இருந்தது. நான்கு இலக்கத்தைத் துடைத்துப் படித்தேன். பதினோரு வருஷம். பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள். நகம் இறங்கவே இல்லை. வெளியே மழை பிடித்திருந்தது. ஈரத்தில் அந்த டயரும் சோப்புக் கட்டியும் ஒன்று.

"பட்டன் முழுசா இருக்கு மாப்பிள்ளை."

"அப்ப மாத்த வேணாமா?"

"இப்ப எதுக்கு?"

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டன் முழுசாகத்தான் இருந்தது. வயசை அவர் கேட்கவில்லை. வழியில் வண்டி கொஞ்சம் வழுக்கும், பயந்துபோய்த் திரும்பி வருவார்கள், பயணம் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

ஊர் எல்லையைத் தாண்டியதும் வரும் முதல் வளைவிலேயே கார் சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். பேத்திக்குத் தோள் எலும்பு மட்டும் முறிந்தது. மாப்பிள்ளையின் அக்கா அவளை இன்னும் தூரமான ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார். போன் செய்தால் குழந்தை பேச வருவதில்லை. இனி என் கையில் ஒன்றும் இல்லை.

குழந்தை காரில் இருப்பது தெரிந்துமா என்று கேட்கிறீர்கள். தெரியும். முன்சீட்டில் இருந்தவளைப் பின்சீட்டுக்கு மாற்றி உட்காரவைத்ததே நான்தான். பெல்ட்டைப் போட்டு, எப்போதும் இழுப்பதைவிட இரண்டு இழுப்பு கூடுதலாக இழுத்து இறுக்கினேன்.

"வலிக்குது தாத்தா" என்றாள்.

"அந்த வளைவு வரைக்கும்தாண்டா கண்ணு, பொறுத்துக்க" என்றேன்.