டிஸ்க் சொன்ன காரணம்

ஆபீஸில் ஏசி காற்று நேராக என் தலையில்தான் இறங்கும். பத்து வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அனுசரித்துப் போகிறவன் சார் நான். மச்சானை ஏன் ஆஸ்பத்திரி மாற்றினேன் என்று கேட்டீர்களே, அதற்கு முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து தகவலை வாங்கி மேலே இருக்கும் மென்பொருளிடம் கொடுக்கும் டிரைவர் புரோகிராமை எழுதுகிறவன் நான். டிஸ்க்கால் படிக்க முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்ற காரணத்தை பஃபர் என்ற சின்னத் தற்காலிக இடத்தில் போட்டு அனுப்பும். அதை அப்படியே மேலே கொடுத்தால் திரையில் பிழை என்று வரும், வேலை நின்றுவிடும். ஓர் ஆஸ்பத்திரிக்காக நாங்கள் செய்த மென்பொருளை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் அது நின்று நின்று உயிரை வாங்கியது. பஃபரைக் காலி செய்து, 'எல்லாம் சரி' என்று பதில் போக வைத்தேன். இரண்டே வரிதான்.

அப்படிச் செய்தால், முன்பு படித்த தகவலே புதிதாகப் படித்ததுபோல் மேலே போகும். சோதனை செய்கிற பெண் அதைப் பிடித்துவிட்டாள். கெட்டிக்காரி; ஆபீஸில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர்.

"அண்ணா, இவர் பேருக்குக் கீழ முந்தின நோயாளியோட விவரம் வருது."

"பார்த்துட்டேன்மா, சரி பண்ணிட்டேன். நீ கையெழுத்துப் போடு."

போட்டாள். நான் சரி செய்யவில்லை. நேரம் இருந்ததா என்றால், இருந்தது. தாமதத்துக்கு விளக்கம் எழுதச் சொல்வார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் மாதம் மச்சானுக்கு ஆபரேஷன். அதே ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருந்தார்கள். தலைகீழாக நின்று வேறு இடத்துக்கு மாற்றினேன். "என் தம்பி மேல உங்களுக்கு இவ்வளவு பாசமா?" என்று மனைவிகூடக் கிண்டல் செய்தாள்.

அந்த வாரமே சல்லடை வந்து நின்றாள்.

"அப்பாவை நம்ம மென்பொருள் போட்ட ஆஸ்பத்திரியிலதான் சேர்க்கப்போறேன். அந்தப் பிழை இப்ப இல்லல்ல அண்ணா?"

"இல்லம்மா. தைரியமா சேர்த்துடு."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். கேட்க ஆரம்பித்தால் விடமாட்டாள், சார்.

அவள் அப்பாவுக்கு ஒரு மருந்து ஆகாது. திரையில் வந்ததோ முந்தின ஆளின் விவரம், எந்த மருந்தும் கொடுக்கலாம் என்று. ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். எல்லாரும் போன பிறகு கேட்டாள், "அண்ணா, நான் கையெழுத்துப் போட்டதுல ஏதாவது தப்பு இருக்கா?"

பதிவுகளைப் பார்த்துவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை என்றேன். அது பொய்யில்லை. பிழையை அழித்தவன் நான். தெரிந்தே அவள் அப்பாவை அங்கே அனுப்பியவனும் நான்தான். ஆனால் அன்றைக்கு அவளிடம் மறைத்தது என்னைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை, சார். அந்தப் பெண்ணின் மனம் நோகக்கூடாது என்றுதான்.