வலது தோள், இடது கண்

— அடுப்ப அணைடா முதல்ல!

— எண்ணெய் இப்பதான்க்கா சூடேறுது.

— அந்தத் துப்பாக்கியில கை வெச்சேன்னா நான் உனக்கு அக்காவே இல்ல.

— அப்ப வெளியாள். பட்டறைக்குள்ள வெளியாளுக்கு அனுமதி இல்ல மேடம்.

— வாய் மட்டும் குறைச்சல் இல்ல. துப்பாக்கிக் கட்டை ஈரத்துல வளைஞ்சிருச்சுன்னு நினைச்சியா?

— கோணலா இருந்தா நிமித்தணும். கட்டையோட கழுத்துல சூடா எண்ணெய ஊத்தி, கிடுக்கியில மெதுவா முறுக்கினா வழிக்கு வந்துரும்.

— அட மண்டு! செஞ்சவனே அப்படித்தான் செஞ்சிருக்கான். எடுத்துத் தோள்ல வை. வலது தோள்ல. குழல் ரெண்டும் எங்க வந்து நிக்குது?

— மூக்கத் தாண்டி... இடது கண்ணுக்கு நேரா.

— அதான். வலது கண்ணு போன யாருக்கோ நூறு வருஷம் முன்னால செஞ்சது. விசைய இழுக்கறது வலது கை, குறி பாக்கறது இடது கண்ணு. நாளைக்குப் பழைய துப்பாக்கிக் கண்காட்சியில பாரு. ஒருத்தர் மூணு குழல் துப்பாக்கியோட வருவார். இன்னொருத்தர், மடக்காம முன்னால தள்ளித் திறக்கற குழல வெச்சுக்கிட்டு அலட்டுவார். நம்ம மேசைக்கு வந்தா அத்தனை பேரும் வாயப் பொளக்கணும்.

— உனக்கு மேசை பெருசு.

— எனக்கு அம்மா பெருசுடா. கல்லு தெறிச்சு அம்மாவுக்கு வலது கண்ணு மங்கினப்ப, அப்பா எங்கெங்கயோ அலைஞ்சு இதத் தேடிப் பிடிச்சார். இடது தோளுக்குப் பழகிக்கோன்னு எல்லாரும் சொன்னாங்க. அம்மா மசிஞ்சாங்களா? இதால சுட்டுத்தான் கோப்பை எல்லாம் வாங்கினாங்க. துப்பாக்கி சுடற சங்கத்துல இப்ப இருக்கறவங்க இத அப்பா துப்பாக்கிங்கறாங்க. இல்லன்னு சொல்ல இந்தக் கோணல் ஒண்ணுதான் இருக்கு.

— தெரியும்க்கா.

— தெரிஞ்சுமா எண்ணெயக் காய வெச்ச?

— எனக்கு மட்டும் ஆசையா? சொன்னாங்க, செய்யறேன்.

— யார் சொன்னா? எந்த வியாபாரி? கூட்டிட்டு வா அந்த ஆள. நாக்கப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்.

— மெதுவா பேசு. காதுல விழும்.

— விழட்டும்! எனக்கென்ன பயமா?

— விழுந்துச்சுடி. நான்தான் சொன்னேன்.

— அம்மா! நீயா?

— நான்தான். தாய்க்குத் தெரியாம பிள்ளைங்க பஞ்சாயத்தா?

— உன் துப்பாக்கிம்மா! நாளைக்குக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு, உன் பேரப் பெருசா எழுதி வெக்கப்போறேன்.

— பெட்டிக்குள்ள போற வயசு எனக்கு இன்னும் வரல. அடுத்த மாசப் போட்டிக்குப் பேர் குடுத்துட்டேன்.

— போட்டிக்கா? இருக்கற இடது கண்ணும் மங்கிட்டே வருதுன்னு டாக்டர் சொன்னாரேம்மா!

— ஆமா, அது போகுது. வலது கண்ணுல ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் பிரிச்சப்பதான் நீ ஊர்ல இல்லயே. நீ பொத்தான மாத்திப் போட்டிருக்கறது வாசல்ல நிக்கும்போதே அந்த வலது கண்ணுக்குத் தெரிஞ்சுது. தள்ளி நில்லுடி, எண்ணெய் தெறிக்கும்.