மூணாவது டப்பா

ஜன்னல முழுசா இழுத்து மூடிடுங்கக்கா, ஓரத்துல கொஞ்சம் சந்து இருக்கு பாருங்க, அது வழியா காத்து வருது. ஐயோ, காய்ச்சல் எல்லாம் இல்ல. வயித்து வலியும் இல்ல. முந்தானைக்குள்ள கைய வச்சுக்கிட்டு இப்படிக் குறுகி உக்காந்திருந்தா யாரு பாத்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. நல்லாத்தான் இருக்கேன். மணி மட்டும் சொல்லுங்க. ஒன்பது நாப்பதா? சரி. பத்து பத்து வரைக்கும் நேரம் இருக்கு.

இந்த ரயில்வே கேட்ட எப்பத் தொறப்பாங்கன்னு தெரியலயே. எறங்கி நடந்தா முக்கா மணி நேரம் ஆகும். ஆட்டோவுல ஏறியிருப்பேன், ஆனா அது ரெண்டு பக்கமும் தொறந்து கெடக்கும், காத்து பிச்சுக்கிட்டுப் போகும். அதான் பஸ்ஸு.

காத்துக்கு ஏன் இப்படிச் சாகுறான்னுதானே பாக்குறீங்க? முன்னப் பின்னத் தெரியாதவங்க, உங்ககிட்டச் சொன்னா என்ன. சிரிக்கக் கூடாது. இங்க, நெஞ்சோட சேத்து ஒரு சின்ன டப்பா வச்சிருக்கேன். லேபுக்குக் கொண்டு போறேன். எங்க வீட்டுக்காரரோடது. புரிஞ்சிடுச்சா? ஆமா, அதேதான். மெதுவாப் பேசுங்கக்கா, முன் சீட்டுக்காரரு காது நம்ம பக்கமே இருக்கு. ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு போய்ச் சேக்கணும், அதுவும் சூடு ஆறாம.

கல்யாணமாகி ஏழு வருஷம். இதுல அஞ்சு வருஷம் எனக்கு மட்டும்தான் டெஸ்டு. ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, உள்ள மருந்து செலுத்திப் படம் புடிச்சாங்க. அன்னைக்கு உயிரு போயிட்டுத் திரும்பி வந்துச்சு. எல்லாத்துலயும் ஒரு குறையும் இல்லன்னுதான் வந்துச்சு. குறை இல்லன்னா ஏன் புள்ள இல்லன்னு எங்க மாமியாருக்கு அதுக்கும் கோவம். போன வருஷம் வந்த டாக்டரம்மாதான், ஒரு கையத் தட்டினா ஓசை வராதும்மா, அவரையும் வரச் சொல்லுன்னாங்க.

அவரு வரமாட்டேன்னு சொல்லல. எத்தனை ஆம்பளைங்க எகிறிக் குதிப்பாங்க, இவரு சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பினாரு. ஆனா அந்த லேபுல ஒரு ரூம் குடுத்திருக்காங்க, தாழ்ப்பா சரியில்லயாம். வெளிய ரெண்டு பேரு நின்னு மேட்ச் ஸ்கோர் பேசிக்கிட்டிருக்காங்க. மனுஷன் ஒரு மணி நேரம் உள்ள உக்காந்துட்டு வேர்த்துக் கொட்டி வெறும் டப்பாவோட வெளிய வந்தாரு. சரி, வீட்டுலேர்ந்தே கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. சொன்னது ஒரு சின்னப் பொண்ணு. அவ தலையத் தூக்கல, இவரு செவத்துல இருந்த காலண்டர விட்டுக் கண்ண எடுக்கல. ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்துடுங்க சார், அப்புறம்னு அவ ஆரம்பிச்சிருக்கா. அப்புறத்துக்கு மேல இவரு அங்க நிக்கல. விட்டாப் போதும்னு ஓடி வந்துட்டாரு.

என்ன வேலையா? ஐஸ் பேக்டரி. நான் சலவைக் கம்பெனியில ஆவி இஸ்திரி. எங்க நாத்தனார் சொல்லுவா, குளிரும் ஜுரமும் ஒரே வீட்டுல குடித்தனம் நடத்துதுன்னு. சிரிங்க, பரவால்ல, இதுக்குச் சிரிக்கலாம். மணி என்னக்கா? நாப்பத்தேழா? ரயில் போயிடுச்சு, இன்னும் என்ன கேட்ட மூடி வச்சிருக்காங்க.

ரெண்டு தடவ கொண்டு போய்க் குடுத்தாரு. முதல் தடவ, உயிரோட ஒண்ணுகூட இல்ல, எல்லாம் அசையாமக் கெடக்குன்னு எழுதிக் குடுத்தாங்க. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டுட்டு மறுபடி குடுத்தாரு. அதே பேப்பர்தான், தேதிதான் வேற. அன்னையோட மனுஷன் ஆளே மாறிட்டாரு. சோறு போட்டா சாப்பிடுவாரு, போடலன்னா கேக்க மாட்டாரு. போன வாரம் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, மூணாவதும் இப்படியே வந்தா நீ உன் வழியப் பாத்துக்க, உனக்கு வயசு இருக்கு, நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னாரு. கோவத்துல சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். பஸ்ஸுக்கு வழி சொல்ற மாதிரி சொன்னாருக்கா.

நாலு நாளைக்கு முன்னால கட்டிலுக்கு அடியில பெருக்கறேன், கம்பெனி தெர்மாகோல் பெட்டி ஒண்ணு கெடக்கு. சின்னது, மருந்து அனுப்பறது. இது எதுக்குங்கன்னு கேட்டேன். அதுலதான் ரெண்டு தடவையும் டப்பாவக் கொண்டு போனேன்னாரு. நடுவுல வச்சு, சுத்தியும் ஐஸ் போட்டு, லேபு வாசல்ல எடுத்து ஈரத்தத் தொடச்சுக் குடுத்தேன், ஒரு சொட்டு ஐஸ் உருகலன்னு பெருமை வேற. பதினெட்டு வருஷம் ஐஸோட குப்பை கொட்டின ஆளு. மீனோ, பாலோ, ஊசி மருந்தோ, கெடக் கூடாதுன்னா ஐஸ்ல வைக்கணும், அவருக்குத் தெரிஞ்ச வேதம் அது ஒண்ணுதான். எனக்குச் சிரிக்கறதா தலையில அடிச்சுக்கறதான்னு தெரியல. லேபுக்குப் போன் போட்டேன். அந்தப் பொண்ணு, ஐஸ்லயா, அதுல வச்சா எல்லாம் செத்துப் போகும்மா, உடம்புச் சூட்டுலயே கொண்டு வரணும்னு சொல்றா. தொடச்சுக் குடுத்தா அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்.

சொல்லாம இருப்பேனா, அன்னைக்கே சொன்னேன். நம்பல. என்னைத் தேத்தறதுக்காகக் கதை கட்டாதன்னாரு. அவருக்குப் பேப்பர்ல இருந்தாத்தான் நெஜம். லாரி வந்து நின்னா சரக்க அப்புறம்தான் பாப்பாரு, குளிரு எத்தனை டிகிரின்னு குறிச்ச சீட்டத்தான் முதல்ல கேப்பாரு. காலு கையப் புடிக்காத குறையாக் கெஞ்சித்தான் இன்னைக்கு இத வாங்கினேன். கூட வரல. இன்னொரு பேப்பரப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல, நீயே போன்னுட்டாரு.

அப்பாடா, தொறந்துட்டாங்க. எல்லா வண்டியும் ஒரே நேரத்துல மூக்க நுழைக்குது பாருங்க. நம்ம டிரைவரு அந்த லாரிக்கு எதுக்கு வழி விடுறாரு? வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி ஒடைஞ்ச கதையா ஆகிடக் கூடாது. பத்தா? ஆயிடுச்சா? இன்னும் மூணு ஸ்டாப்பு.

நேரமாயிட்டா நாளைக்கு இன்னொரு தடவ குடுத்தாப் போச்சு, இதுக்கு ஏன் இப்படி நடுங்கறேன்னு கேக்குறீங்க. நியாயம்தான். இன்னொரு தடவ தர மாட்டாரு, அது ஒண்ணு. இன்னொண்ணு இருக்கு. எனக்கு நாப்பது நாள் ஆச்சுக்கா. ஆமா, தள்ளித்தான் போயிருக்கு. காலையில டப்பாவ அவரு கையில குடுக்கறதுக்கு முன்னால நானே பாத்ரூம்ல கார்டு வச்சுப் பாத்துட்டேன். ரெண்டு கோடு.

இருங்க, இருங்க, சந்தோஷப்படாதீங்க. யோசிச்சுப் பாருங்க. பீரோவுல அந்த ரெண்டு பேப்பர் இருக்கு. இப்பப் போய் அவரு முன்னால நின்னு இப்படின்னு சொன்னா? ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு, தங்கமான மனுஷன். கேக்காமலே இருப்பாரு பாருங்க, அதுதான் எனக்குப் பயம். அந்தப் புள்ள வளந்து ஆளாகிற வரைக்கும் மூக்கப் பாப்பாரு, காதப் பாப்பாரு, வாயத் தொறக்க மாட்டாரு. ரெண்டாவது பேப்பர் வந்த அன்னைக்குக் கொழந்த மாதிரி அழுதாருக்கா. நான்தான் சேத்துக் கட்டிக்கிட்டுத் தேத்தினேன். அன்னைக்கு வந்தது இது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய.

இதான் என் ஸ்டாப்பு. மணி என்ன, பத்து ஆறா? ஓடினாப் புடிச்சிடலாம். இதுல ஒண்ணே ஒண்ணு அசைஞ்சாப் போதும், எழுதிக் குடுத்துடுவாங்க. அப்புறம் அவரு என்னை நம்பணும்னு அவசியமே இருக்காது பாருங்க. வரட்டுமாக்கா.