ராடில் குறையில்லை

ஒரு தூண்டில் ராடு நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமானால் அதன் நுனியைப் பார்க்காதீர்கள் சார், பிடியைப் பாருங்கள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் நுனியைத்தான் ஆட்டிப் பார்ப்பார்கள். காற்றில் ஒரு வீச்சு வீசி, ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, கடைசியில் நிறம் பிடித்ததை வாங்கிக்கொண்டு போவார்கள். கார்க் பிடியில் பொடி வைத்து ஓட்டை அடைத்திருக்கிறார்களா, ரீல் உட்காரும் இடத்தில் பசை வழிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறவன் நூற்றில் ஒருவன். அந்த ஒருவன் நான்.

அதனால்தான் நீங்கள் இந்த ராடைக் கொண்டுவந்து ஸ்டேஷன் மேசைமேல் வைத்து, "இதுல தயாரிப்புக் குறை ஏதாவது இருக்கா, பாத்துச் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டீர்கள். மரியாதையாகக் கேட்டீர்கள், டீயும் வரவழைத்துக் கொடுத்தீர்கள். கம்பெனியின்மேல் குறை இருப்பதாக நான் ஒரு கையெழுத்துப் போட்டால், அக்காவுக்கு, அதாவது இறந்துபோன மச்சானின் மனைவிக்கு, நஷ்ட ஈடு கிடைக்கும் என்றும் காதோடு சொன்னீர்கள். எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம் என்றீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் என்னால் அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற அந்த அரை மணி நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், மறக்க மாட்டேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். தூண்டில் கடை அவருடையது. முன்பக்கம் அவர் உட்கார்ந்து விற்பார். விற்றது உடைந்து திரும்பி வந்தால் பின்பக்க அறைக்கு, என் மேசைக்கு வரும். ஜன்னல் இல்லாத அறை, பசை நாற்றம், தலைக்கு மேல் ஒரு டியூப்லைட். அங்கே நான் தருகிற தீர்ப்பு இரண்டே வகை. தயாரிப்புக் குறை என்றால் புது ராடு கிடைக்கும். பயன்படுத்தியவர் தவறு என்றால், உடைந்ததைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

முக்கால்வாசி ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை சார். கார் கதவில் வைத்து நசுக்கியவர் வருவார், பிள்ளையோடு கத்திச்சண்டை போட்டவர் வருவார், ஓடுகிற ஃபேனுக்குள் விட்டவர் வருவார். எல்லாரும் ஒரே பல்லவிதான் பாடுவார்கள். "மீன் இழுத்துச்சு, பெரிய மீன்." உடைந்த இடத்தை ஒரு பார்வை பார்த்தால் மீனா ஃபேனா என்று சொல்லிவிடுவேன். ஒருதரம் ஒரு பல் டாக்டர் என் மேசைமுன் அழுதே விட்டார். பாவமாக இருந்தது, தீர்ப்பை மாற்றவில்லை.

அப்படிப்பட்ட நான் ஒரு வருடம் உட்கார்ந்து, கடையில் இருந்த பாஸ் மீன் ராடுகளை எல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். பாஸ் மீனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் ஏரியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். உடம்பில் பாதி வாய். பசியே இல்லாவிட்டாலும் கோபத்தில் வந்து கடிக்கும். அதற்கு இரை காட்ட வேண்டியதில்லை, மூக்கருகே எதையாவது ஆட்டிச் சீண்டினால் போதும்.

என் ஒப்பீட்டில் முதலிடம் கடையிலேயே மலிவான ஃபைபர் ராடுக்குக் கிடைத்தது. கொடுத்த காசுக்கு அதைப்போல் உழைக்கிற சாமான் வேறில்லை என்று முடிவு கட்டினேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். மச்சானுக்கு அது வயிற்றெரிச்சல். விலை உயர்ந்ததில்தானே அவருக்கு லாபம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இருப்பதிலேயே விலை கூடிய கார்பன் ராடை, இதோ உங்கள் மேசைமேல் கிடக்கிறதே, இதே ராடை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். அதுவரை அவர் பிடித்த பெரிய மீன் ஐஸ் பெட்டியில் இருந்து கையால் எடுத்ததுதான். அன்று முதல் வீச்சிலேயே ஒரு பாஸ் மாட்டியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதைப் படம் எடுத்து, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, என் மேசைக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினார். மீனைக் கேமராவுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தால் நெத்திலியும் திமிங்கிலமாகத் தெரியும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

உடைந்த ராடோடு வருகிறவர்களைப் பின்பக்கம் கூட்டிவந்து, படத்தைக் காட்டி மச்சான் சொல்வார்: "எங்க மாப்ள ஒரு வருஷம் ஆராய்ச்சி பண்ணாரு. நான் ஒரு தடவ வீசினேன்." அவ்வளவுதான் சொல்வார். மீதிச் சிரிப்பை வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் விருந்தாளி வந்தாலும் இதே கதைதான். என் மனைவியும் சிரிப்பாள், அண்ணன் தும்மினாலும் அவளுக்கு வேடிக்கை. எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் செய்தது, ஒப்பீட்டை மறுபடி முதலிலிருந்து செய்தேன். இந்த முறை மனசாட்சிப்படி செய்தேன். எடையில் கார்பன் ஜெயித்தது, கையில் இருப்பதே தெரியாது. மீன் தொட்டால் விரலுக்கு வருகிற துடிப்பில் கார்பன்தான். ஃபைபரில் மீன் வந்து காலிங்பெல் அடித்தாலும் தெரியாது. வளையங்கள், பசை வேலை, பிடி எல்லாம் கார்பன். விறைப்பில் கேட்கவே வேண்டாம். சரி, விலைக்கேற்ற மதிப்பு என்று பார்த்தால், ஃபைபர் ராடின் பிடி ஒரே சீசனில் ஆட்டம் கண்டுவிடுகிறது, மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது. என் ஒரு வருட உழைப்பு அத்தனையும் தப்பு. மச்சான் சொன்னதுதான் சரி. சில நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை சார். அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

அப்போதுதான் கார்பன் ராடின் பிடிக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. மேலே ஒரு மின்கம்பி, நடுவில் ஒரு மின்னல், கீழே கைகால் விரித்து ஒரு குட்டி மனிதன். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், கம்பி பக்கம் கொண்டுபோகாதே என்று அர்த்தம். நன்றாகக் காய்ந்த ஃபைபர் அப்படிக் கடத்தாது. கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் என் ராடு ஜெயித்தது. ஆனால் பரிசோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்வது என் வழக்கமில்லை.

ராடில் இருக்க வேண்டிய ஸ்டிக்கரைக் காணோமே என்றீர்கள். நான்தான் உரித்தேன். மச்சான் பாலிஷ் போடச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார். ஸ்டிக்கர் இருந்தால் பாலிஷ் ஒரு சீராக வராது. வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஏரியின் தெற்குக் கரையைப் போன மழைக்குப் பிறகு மண் கொட்டி உயர்த்தினார்கள். கரையை உயர்த்தியவர்களுக்கு மேலே போகிற மின்கம்பியையும் உயர்த்த வேண்டும் என்று தோன்றவில்லை, அது வேறு இலாகா. வெயில் ஏற ஏறக் கம்பி தொய்யும். மத்தியானத்தில் ஓர் ஆளின் கையும் ஒரு ராடும் சேர்ந்தால் எட்டிவிடும். அபாயம் என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். அது புதருக்குள் விழுந்து கிடந்ததற்குக் காற்றுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று காற்றே இல்லை சார்.

"ரெண்டு ராடையும் ஒரே எடத்துல வெச்சுப் பாத்துடுவோம் மச்சான். நான் தோத்தா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன்" என்றேன். சீண்டினால் போதும் என்று சொன்னேனே. கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கிளம்பினார். அவருடைய ரப்பர் பூட்ஸ் என் மேசையில் பசை காயாமல் கிடந்ததால் செருப்போடு வந்தார். கரையில் அதையும் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நின்றார். வெறுங்காலில் நின்றால் மீன் கடிப்பது உடம்புக்கே தெரியும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நான்தான். எனக்குப் பித்தவெடிப்பு, அதனால் என் பூட்ஸைக் கழற்றவில்லை.

அவரிடம் ராசியான ஒரு பொய்மீன் இருந்தது. சிவப்புத் தலை, வெள்ளை உடம்பு, வயிற்றில் கொக்கி. படத்தில் இருக்கிற மீனைப் பிடித்தது அதுதான். ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி வாங்கி, என் ராடில் கட்டி வீசினேன். அது மேலே போய் மின்கம்பியில் சுற்றிக்கொண்டு தொங்கியது. என் குறி பொதுவாகத் தவறுவதில்லை, அன்றும் தவறவில்லை.

"ஏரி கீழ இருக்கு மாப்ள" என்றார் மச்சான். நல்ல நகைச்சுவை உணர்வு அவருக்கு, அதை நான் மறுக்கவில்லை.

தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு, என் ராடால் எட்டிப் பொய்மீனைத் தட்டிப் பார்த்தேன். காலையிலேயே ராடைத் துணியால் துடைத்து, வெயிலில் சாத்தி, சுக்காகக் காய வைத்திருந்தேன். நுனி கம்பியைத் தொட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உயிரையே வைத்து நம்பினேன், அந்த மலிவு ராடு என்னைக் கைவிடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் நுனி தொளதொளவென்று வளைந்ததே தவிர, பொய்மீனை அசைக்கவில்லை. அசைக்காது என்று எனக்கு முன்பே தெரியும்.

"உன் ராடுக்கு முதுகெலும்பே இல்ல. தள்ளு, நான் எடுக்கறேன்" என்று மச்சான் முன்னால் வந்தார். வந்தவர் ஒரு கணம் நின்றார். "ஆமா, அதுல கரன்ட் வருமா?"

"போன வாரமே கட் பண்ணிட்டாங்க மச்சான். இப்ப நான் தொட்டதப் பாத்தீங்கல்ல" என்றேன். இதில் இரண்டாவது வாக்கியம் முழுக்க முழுக்க உண்மை.

அந்த விறைப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தூக்கினார், நேராக மேலே போனது, நூல் பிடித்த மாதிரி. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கரையோரத்துக் கொக்கு ஒன்று பறந்தது, பிறகு அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

நுனி கருகி நார்நாராகப் பிரிந்திருப்பது உண்மைதான். ஆனால் பிடி அப்படியே இருக்கிறது பாருங்கள், ஒரு வளையம்கூடக் கழலவில்லை. இதில் தயாரிப்புக் குறை என்று எழுதினால் நாளைக்கு நான் எந்த முகத்தோடு அந்த மேசையில் உட்காருவேன்? இது எதற்குச் செய்யப்பட்டதோ அதைச் சரியாகச் செய்தது. எதைச் செய்யும் என்று ஸ்டிக்கரில் எச்சரித்திருந்தார்களோ அதையும் சரியாகச் செய்தது. என் கையெழுத்து வேண்டுமானால் 'பயன்படுத்தியவர் தவறு' என்று எழுதிக் கொடுங்கள், போட்டுவிடுகிறேன். அக்காவுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். பல் டாக்டருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆளைக் கொன்றது நான் என்று மூன்றாவதாக ஒரு தீர்ப்பு எழுத வேண்டுமென்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. என் மேசையில் அந்த வகை கிடையாது, அவ்வளவுதான்.

ஆனால் பொறாமையில் செய்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். சுவரில் தொங்குகிற ஒரு படத்துக்காக ஓர் ஆளைக் கொல்ல நான் என்ன பைத்தியமா? இது தரத்தைப் பற்றிய விஷயம். அந்த அரை மணி நேரம் எங்கே போனாய் என்று கேட்டீர்களே, கடைக்குப் போனேன். மூச்சு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. போன் சட்டைப்பையில்தான் இருந்தது. படச் சட்டத்தைச் சுவரோடு சேர்த்து மச்சான் பசை வேறு போட்டிருந்தார், அதைச் சுரண்டி எடுக்கத்தான் நேரமாகிவிட்டது. படத்தைக் குப்பையில் போட்டேன், அந்த ஆணியில் என் ராடை மாட்டினேன், கொஞ்சம் தள்ளி நின்று கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.